விதைநெல்லும் காணி உறுதியும்

ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்துவிட்டால் கமக்காரனுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பைப் பார்க்கப் போய்விடுவான். வயல் எங்கோ கிடக்க, தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு அதே மழையைக் கேட்பது எப்படியிருக்கும் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லித்தரத் தேவையில்லை.

எமது பெரிய இடப்பெயர்வுகள் சில மாரியோடுதான் வந்தன. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். 2008இல் வன்னி மக்கள் ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருந்தபோது நவம்பரில் நிஷா புயல் வந்து கொட்டில்களுக்குள் வெள்ளத்தை விட்டது. காலபோக விதைப்பும் அந்தக் காலம்தான். விதைத்தவன் அறுக்கவில்லை, சிலர் விதைக்கவே இல்லை.

இந்த நிலையில் இருப்பவரிடம் “மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று பிரசங்கம் வைப்பது இலகு. நடுகையையும் பிடுங்கலையும், அழுகையையும் சிரிப்பையும் காலக்கணக்கில் வைத்துப் பேசும் சபை உரையாளர் மூன்றாம் அதிகாரத்தை முகாம்களிலும் மரண வீடுகளிலும் வாசிக்கிறோம். ஆறுதல் தரும் பகுதிதான். ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் எழும்புவது இயற்கை. ஷெல் விழுவது இயற்கையல்ல, மனிதர் செய்வது. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டிக் கடவுளின் தலையில் ஏற்றுவது விசுவாசமாகாது.

அப்படியானால் எதை ஏற்பது, எதை விடாமல் பிடிப்பது? எரேமியா இறைவாக்கினரின் நூலைத் திறந்து பாருங்கள். 29ஆம் அதிகாரத்தில், பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மக்களுக்கு அவர் கடிதம் எழுதுகிறார். இருக்கிற இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனை உண்ணுங்கள் என்பது அதன் சாரம். நாளைக்கே திரும்பிவிடலாம் என்று ஆசைகாட்டியவர்களை அவர் நம்பச் சொல்லவில்லை.

அதே மனிதர் 32ஆம் அதிகாரத்தில் என்ன செய்கிறார்? எருசலேமைப் பாபிலோனியப் படை சூழ்ந்திருக்கிறது. அவரோ காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் உறவினன் ஒருவன் வந்து, அனாத்தோத்தில் இருக்கும் தன் காணியை வாங்கும்படி கேட்கிறான். எதிரியின் கைக்குப் போகப்போகும் காணி! எரேமியா 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். சாட்சிகள் ஒப்பமிடுகிறார்கள். உறுதி இரண்டு பிரதி, ஒன்று முத்திரையிட்டது, மற்றது திறந்தது. நெடுநாள் கெடாதிருக்க இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு ஓடிய எம் தாய்மாருக்கு இந்த மண்பாண்டத்தின் அருமை விளங்கும்.

எரேமியா அந்தக் காணியில் உழுததாக விவிலியம் சொல்லவில்லை. பிற்பாடு அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். திரும்பாமலே கண்மூடிய எமது பெரியவர்களை நினைத்தால் அது நெஞ்சில் தைக்கிறது.

உறுதி தொலைந்தவர்கள் மனம் சோரவேண்டாம். பதியப்பட்ட உறுதியாயின், அது பதிந்த காணிப் பதிவகத்தில் பிரதி பெறலாம். பெர்மிட் காணிக்காரர் தமது பிரதேச செயலகத்தில் விசாரிக்கவேண்டும்.

விதைநெல் வேறு விதமான சொத்து. உறுதியைப் போல அதைப் பானையில் பூட்டி வைக்க முடியாது. நன்கு காயவைத்து வேப்பிலை போட்டுக் கட்டினாலும் காலம் போகப்போக முளைதிறன் குறைந்துவிடும். ஆகவே ஊர் நெல்லினம் ஒன்றைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர்கள், குத்தகைத் துண்டிலாவது உறவினர் வயலின் ஒரு மூலையிலாவது போகத்துக்குப் போகம் கொஞ்சம் விதைத்துப் புதுப்பிக்கவேண்டும். விதைக்குமுன் 100 மணியை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வையுங்கள். ஒரு கிழமையில் 85க்கு மேல் முளைத்திருந்தால் நல்ல விதை. குறைந்தால் விதையைக் கூட்டிப் போடவேண்டும். பாதிதான் முளைத்தது என்றால் வேறு விதை தேடுவதே புத்தி.

மடு மாதாவின் திருச்சுரூபமும் இடம்பெயர்ந்ததுதான். ஒல்லாந்தர் காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுவரப்பட்டது என்பது வரலாறு. 2008 ஏப்ரலில் தேவன்பிட்டிக்குப் போய், ஓகஸ்ட்டில் மடுவுக்குத் திரும்பியது. ஆவணித் திருநாளுக்கு மடுவில் கூடும் சனத்தில் எத்தனை பேர் தங்கள் இடப்பெயர்வுக் கதையை அந்தத் தாயிடம் சொல்லியிருப்பார்கள்!

வவுனியாப் பக்கத்து முகாமொன்றில் முன்பு சந்தித்த ஒரு குடும்பம் நினைவுக்கு வருகிறது. கிணற்றடிக் கழிவுநீரில் எல்லோரும் கீரையும் வாழைக்குட்டியும் வைக்க, அந்த வீட்டுப் பெரியவர் மட்டும் ஒன்றையும் நட விடவில்லை. “மரம் வைச்சால் இனி இதுதான் உன்ர ஊர் எண்டு சொல்லிப்போடுவாங்கள், தம்பி” என்றார். பயத்தில் நியாயம் இருந்தது. நாம் வாதாடவில்லை. அவருடைய மனைவி அவர் நித்திரையாய் இருந்த நேரத்தில் கொட்டிலின் பின்புறம் ஒரு முருங்கைத் தடியை ஊன்றிவிட்டா. மாரி முடியுமுன் அது துளிர்த்தது. இலையில் வறுத்த வறையைச் சாப்பிட்டவர், எங்கே வாங்கியது என்று கேட்கவில்லை.

ஊருக்கு அனுப்பப் பஸ் வந்த நாளில் அந்த அம்மா மரத்தில் மூன்று தடி வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி எடுத்து வந்தா. பஸ் கூரையில் ஏறி நின்று அதை வாங்கிக் கட்டியவர் அந்தப் பெரியவர்தான்.