கைப்பேசிச் செயலியில் படத்தைப் பெரிதாக்கும் வசதி

மக்காச்சோளத்தைத் தாக்கும் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவில் முதன்முதலாக 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. அப்புழுவின் தலையில் தலைகீழான ‘ஒய்’ எழுத்தைப் போன்ற குறியும், வயிற்றின் எட்டாம் கண்டத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் உண்டு. கைப்பேசிப் படத்தில் இவ்வடையாளங்கள் புலப்படாவிடின், வேறு புழுவெனக் கருதி உரிய தடுப்பு முறையைக் கையாளாமல் விட நேரிடும். ஆகவே, பயிர்நோய்ப் படங்களைக் காட்டும் செயலிகளில் படத்தைப் பெரிதாக்கும் வசதி இன்றியமையாததாகும்.

இதன் அடிப்படை எளியது. திரையில் வைத்த இரு விரல்களை விரிக்கும்போது, அவற்றின் இடைவெளி எத்தனை மடங்காகிறதோ, அத்தனை மடங்கு படமும் பெரிதாக்கப்படுகிறது. அப்போது விரல்களுக்கு நடுவிலுள்ள படப்பகுதி இடம் பெயராது நிற்றல் வேண்டும். மாறாக, படத்தின் மூலையை நிலைப்புள்ளியாகக் கொண்டால், காண விரும்பிய பகுதி திரைக்கு வெளியே சென்றுவிடும்.

பெரிதாக்குவதற்கு எல்லையும் உண்டு. அகலத்தில் 4,000, உயரத்தில் 3,000 படப்புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை, 1,080 புள்ளிகள் அகலமுள்ள திரையில் முழுமையாகப் பொருத்துவதாகக் கொள்வோம். அதனை ஏறக்குறைய 3.7 மடங்கு பெரிதாக்கும்போது, படத்தின் ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒரு புள்ளியில் அமைகிறது. அதற்கு மேல் புள்ளிகள் பருக்குமேயன்றிப் புதிய விவரம் தோன்றாது. அனுப்பும்போதே சுருக்கப்பட்ட படத்தில் இவ்வெல்லை இன்னும் விரைவில் வந்துவிடும். ஆதலால் மூலப் படத்தையே அனுப்புதல் நன்று.

ஒரு புள்ளிக்கு 4 பைட்டு வீதம், மேற்கூறிய படம் நினைவகத்தில் 4.8 கோடி பைட்டு இடம் கொள்ளும். எனவே, முதலில் சிறிய பிரதியைக் காட்டி, பெரிதாக்கும்போது தேவையான பகுதியை மட்டும் மூலப் படத்திலிருந்து எடுத்துக் காட்டுவது சிக்கனமான முறை.

விரல் அசைவு மட்டும் போதாது. ஒரு கையில் இலையைப் பிடித்திருக்கும் ஊழியருக்கும், விரல்களை எளிதில் விரிக்க இயலாதவருக்கும் கூட்டல், கழித்தல் குறியிட்ட பொத்தான்கள் வேண்டும். 2018இல் வெளியான வலை அணுகல் நெறிமுறைகளும், இரு விரல் அசைவால் ஆகும் செயலை ஒரு விரலாலும் செய்ய வழி வேண்டுமென்கின்றன. பொத்தான் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகலமாவது இருத்தல் நலம். ஒவ்வோர் அழுத்தத்திற்கும் 1.5 மடங்கு பெருகுமாறு அமைத்தால், மூன்று அழுத்தங்களில் சுமார் 3.4 மடங்கு கிடைக்கும். எல்லையை எட்டியதும் பொத்தான் மங்கித் தோன்றவேண்டும். முழுப்படத்திற்குத் திரும்பவும் ஒரு பொத்தான் வேண்டும்.

ஆசிரியர்கள் இவ்வுண்மையை வகுப்பில் எளிதாக விளக்கலாம். செய்தித்தாளில் அச்சான படத்தை உருப்பெருக்குக் கண்ணாடியால் காணச் செய்க. மாணவர்களுக்கு மைப்புள்ளிகள் பெரிதாகத் தெரியும். ஆனால் அச்சில் இடம்பெறாத விவரம் எதுவும் தெரியாது. உருப்பெருக்கம் படத்தில் உள்ளதைக் காட்டுமேயன்றி, இல்லாததைப் படைக்காது.