கெண்டைக்காலைக் குறைத்த பிறகு

கெண்டைக்கால் சதையைச் சிறிதாக்கிக்கொள்ள மருத்துவமனையில் போய்ப் படுப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால் கறம்பக்குடிப் பக்கம் எளிதில் நம்ப மாட்டார்கள். நாற்று நடவும் கடலை பிடுங்கவும் தென்னை ஏறவும் கால் வேண்டிய மண் அது. 2018 நவம்பரில் கஜா புயல் தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தி மறுபடியும் கன்று வைத்தவர்கள் இந்தக் கால்களை நம்பித்தான் வைத்தார்கள். ஆனால் கைப்பேசிக்கு ஊர் வித்தியாசம் கிடையாது. ஒரே சிட்டிங்கில் கால் மெலியும் என்று ஆசை காட்டும் விளம்பரம் சியோலில் இருக்கும் பெண்ணுக்கும் வருகிறது, கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குக் கல்லூரிப் பேருந்து ஏறும் பெண்ணுக்கும் வருகிறது. லெகிங்ஸ் போட்டால் கால் தடியாகத் தெரிகிறதே என்ற கவலை இரண்டு ஊரிலும் ஒன்றுதான். சிகிச்சைக்குப் பிறகு அந்தக் காலுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் விளம்பரம் சொல்வதில்லை.

முதலில் அங்கே இருப்பது என்ன என்று பார்த்துவிடலாம். நுனிக்காலில் எழும்பி நின்று, கெண்டைக்காலின் மேல் தோலைக் கிள்ளிப் பாருங்கள். விரல்களுக்கு இடையே வருவது தோலும் கொழுப்பும். அதற்கு அடியில் விறைத்து நிற்பது தசை. பலருக்கு இந்த இடத்தில் கொழுப்பு கொஞ்சம்தான். அதனால் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷன் அவர்களுக்குப் பெரிதாக உதவுவதில்லை. சுற்றளவைக் குறைக்க வேண்டுமென்றால் தசையில்தான் கை வைக்க வேண்டும்.

அந்தத் தசை இரண்டு அடுக்கு. வெளியே புடைத்துத் தெரிவது கேஸ்ட்ரோக்னீமியஸ். முழங்காலுக்குப் பின்புறம், தொடை எலும்பின் அடிப்பகுதியில் உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு தலைகளோடு தொடங்குகிறது. அதற்கு அடியில் தட்டையாகப் படுத்திருப்பது சோலியஸ். இரண்டும் கீழே ஒன்றாகி, குதிகால் நாணாக எலும்பில் இறங்குகின்றன. ஓட, தாவ, மாடிப்படி ஏற மேலடுக்கு. மணிக்கணக்கில் நிற்க, நடக்க அடியடுக்கு. சோலியஸில் பெரும்பாலும் களைப்படையாமல் மெதுவாக உழைக்கும் நார்களே இருப்பதால் இப்படி வேலை பிரிந்திருக்கிறது.

குறைப்பதற்கு மூன்று வழிகள். ஒன்று, போட்டாக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் போட்டுலினம் நச்சு ஊசி. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை இது தடுத்துவிடுகிறது. வேலையில்லாத தசை மெலிகிறது. சில மாதங்களில் நரம்பு முனைகள் மீண்டும் இயங்கத் தொடங்க, தசையும் திரும்பிவிடுகிறது. இரண்டாவது வழியில் கேஸ்ட்ரோக்னீமியஸுக்குப் போகும் நரம்புக் கிளையை முழங்கால் மடிப்பில் தேடிப்பிடித்து வெட்டுகிறார்கள், அல்லது ரேடியோ அலை ஊசியால் சுட்டுவிடுகிறார்கள். தென் கொரியாவில் அதிகம் பேசப்படுவது இதுதான். மூன்றாவது, தசையையே அறுத்து எடுப்பது.

இந்த நரம்பு வெட்டும் முறை அழகுக்காகப் பிறந்ததல்ல. மூளைப் பாதிப்பால் கால் விறைத்து, குதிகால் தரையில் படாமல் தவித்தவர்களுக்காக ஜெர்மானிய எலும்பு மருத்துவர் அடால்ஃப் ஸ்டோஃபெல் 1910களில் செய்து காட்டியது. போட்டுலினம் ஊசியும் அப்படித்தான். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் நுனிக்காலில் நடப்பதைச் சரிசெய்ய இன்றும் அதைக் கெண்டைக்காலில் போடுகிறார்கள். கட்டுக்கு அடங்காமல் இழுத்துக்கொண்டிருந்த தசையைத் தளர்த்த வந்த சிகிச்சை, ஒரு குறையும் இல்லாத தசையைத் தளர்த்தப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

குணமாவது என்றால் புண் ஆறுவது என்று நினைத்துக்கொள்கிறோம். ஊசி போட்டவர் அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போய்விடுவார். நரம்பைச் சுட்டுக்கொண்டவரும் பெரும்பாலும் ஓரிரு நாளில் நடப்பார். அறுத்து எடுத்தவருக்குத்தான் இறுக்கக் கட்டும், வீக்கமும், வாரக்கணக்கில் வலியும். ஆனால் மூவருக்கும் தோல் ஆறிய பிறகுதான் உண்மையான கதை தொடங்குகிறது. கட்டளை நின்றுபோன தசைக்குள், நார்களின் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் வேகம் பிடிக்கின்றன. வாரம் போகப் போக ஒவ்வொரு நாரும் மெலிகிறது. வெட்டுண்ட நரம்பு, வழி கிடைத்தால், நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். வந்து சேர்ந்தால் தசை கொஞ்சம் மீளும், மெலிந்த கால் மறுபடி தடிக்கும். ஒன்றரை ஆண்டு அளவில் வரவில்லையென்றால் தசை நார்களின் இடத்தைக் கொழுப்பும் தழும்புத் திசுவும் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வருந்தினாலும் திரும்ப வழியில்லை.

முதல் சில வாரங்களில் கவனிக்க வேண்டியது குதிகால். வலிக்கும் தசை தன்னைச் சுருக்கி வைத்துக்கொள்ளவே பார்க்கும். குதிகாலைச் சற்றே தூக்கி நடந்தால் வலி தெரியாது. ஹை ஹீல்ஸ் போட்டால் சுகமாகக்கூட இருக்கும். அந்தச் சுகம்தான் ஆபத்து. சுருங்கிய நிலையிலேயே வைக்கப்பட்ட தசை, நீளவாக்கில் தன் சுருங்கும் கண்ணிகளையே குறைத்துக்கொள்கிறது. பிறகு நாமே நினைத்தாலும் குதிகால் தரையில் முழுதாகப் படாது. அதனால்தான் பிசியோதெரபிஸ்ட்கள் முதலில் நீட்டிப் பழக்குகிறார்கள். சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்கால் மடங்காமல், குதிகால் எழும்பாமல் முன்னால் சாய வேண்டும். அரை நிமிடம் அப்படியே நிற்கும்போது கேஸ்ட்ரோக்னீமியஸ் நீள்வது முழங்காலுக்குப் பின்னால் தெரியும். அதே நிலையில் முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் இழுப்பு கீழே, குதிகால் பக்கம் இறங்கும். அது சோலியஸ்.

சோலியஸைப் பற்றி இன்னொன்றும் உண்டு. மேலடுக்கு வேலையை விட்டதும் அதன் சுமையை அடியடுக்கு எடுத்துக்கொள்கிறது. சுமக்கச் சுமக்கப் பெருக்கிறது. மேலே மெலிந்து கீழே தடித்து, இரண்டு காலும் இரண்டு மாதிரியாகத் தெரிந்து வருந்தியவர்கள் உண்டு. சாதாரண நடைக்குப் பெரிய பாதிப்பு இருக்காது, ஆனால் ஓட்டத்திலும் தாவலிலும் குறை தெரியும்.

சிகிச்சைக்குப் பிந்தைய நாட்களில் ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் அது கட்டின் இறுக்கம் என்று விட்டுவிடக் கூடாது. ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் அந்த உறைவு நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும். உடனே 108ஐ அழைக்க வேண்டும். வெளிநாட்டில் செய்துகொண்டு அடுத்த சில நாட்களிலேயே விமானத்தில் மணிக்கணக்கில் கால் மடக்கி உட்கார்ந்து திரும்புவது இந்த ஆபத்தைக் கூட்டும்.

ரத்தம் ஏன் அங்கே உறைகிறது என்று கேட்டால்தான் இந்தத் தசையின் பெருமை புரியும். அசையாமல் நிற்கும்போது கணுக்காலருகே நாளங்களில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை போகும். நடக்கத் தொடங்கியதும் 30க்கும் கீழே இறங்கிவிடும். தெருமுனை அடிபம்பைப் போல, ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் இறுகி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. வால்வுகள் அதைத் திரும்பி இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று வேலை செய்பவர்களுக்கு மாலையில் கால் கனப்பதும், பல ஆண்டுகளில் நாளங்கள் சுருட்டிக்கொள்வதும் இந்த பம்பு போதிய அளவு ஓடாததால் மோசமாகிறது. கறம்பக்குடியில் நடவு வயலிலும், அடுப்படியிலும், ஜவுளிக்கடையிலும் நிற்கும் பெண்கள் இதை நன்றாக அறிவார்கள். இந்த பம்பின் ஒரு பகுதியைக் காசு கொடுத்து நிறுத்துவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. தசை திரும்பிவிடும் ஊசியையாவது யோசிக்கலாம். இருபது வயதில் நரம்பையே அழித்துக்கொள்ளும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

தமிழ்நாட்டில் இதே தசைக்கூட்டத்தில் நடந்த வேறொரு அறுவை சிகிச்சை பெரிதாகப் பேசப்பட வேண்டியது. தொழுநோயால் நரம்பு செயலிழந்து, பாதம் தொங்கிப்போனவர்களுக்குச் செங்கல்பட்டில் இருந்த மருத்துவர் எச். சீனிவாசனும் அவருடைய குழுவினரும் 1968இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். கெண்டைக்காலின் ஆழத்தில் இருக்கும் டிபியாலிஸ் போஸ்டீரியர், பாதத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கீழே இழுக்கும் தசை. அதன் நாணைக் கழற்றி, முன்பக்கம் கொண்டுவந்து, இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பெருவிரலைத் தூக்கும் நாணோடும் மற்றதைப் பிற விரல்களைத் தூக்கும் நாணோடும் தைத்தார்கள். வாரக்கணக்கில் மாவுக்கட்டு. அது பிரிந்ததும் பாடம் தொடங்கும். பாதத்தை உள்பக்கம் திருப்பு என்று நோயாளியிடம் சொல்வார்கள். அவர் பழைய வேலையைச் செய்வதாக நினைத்துத் திருப்புவார், பாதம் மேலே எழும். அப்படிப் பழகப் பழக மூளை புதிய வேலையைக் கற்றுக்கொள்ளும். வாசற்படியில் விரல் இடறாமல் ஒருவர் நடப்பதற்காக இவ்வளவு பாடு.

முதுமையிலும் இந்தச் சதைக்கு மரியாதை உண்டு. தசைத் தேய்வு இருக்கிறதா என்று முதலில் சந்தேகிக்க, ஆசிய வல்லுநர் குழு 2019இல் சொன்ன எளிய வழிகளில் ஒன்று கெண்டைக்காலைத் தையல்காரர் டேப்பால் அளப்பது. ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும். விழுவது, எழ முடியாமல் போவது, படுக்கையில் கிடப்பது எல்லாவற்றுக்கும் அந்த மெலிவு முன்னறிவிப்பாக இருக்கக்கூடும்.

ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் இடிந்துபோக வேண்டியதில்லை. சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று குதிகாலை முழுதாகத் தூக்கி இறக்குங்கள். நல்ல கால் 25 முறை தூக்கும் என்பது பிசியோதெரபிஸ்ட்கள் வைத்திருக்கும் கணக்கு. எட்டிலோ பத்திலோ நின்றுவிட்டால் நாற்காலியில் உட்காருங்கள். தொடையின் மேல், முழங்காலை ஒட்டி 5 கிலோ அரிசிப் பையை வைத்துக்கொண்டு குதிகால்களை மெதுவாகத் தூக்கி, அதைவிட மெதுவாக இறக்குங்கள். முழங்கால் மடங்கியிருப்பதால் கேஸ்ட்ரோக்னீமியஸ் தளர்ந்துவிடும், வேலை பெரும்பாலும் சோலியஸுக்குப் போகும். சில மாதங்களில் மாடிப்படி முன்னைவிட இலகுவாகும். கெண்டைக்காலின் கீழ்ப்பாதி கொஞ்சம் தடிக்கவும் செய்யும். அந்தத் தடிப்புதான் உங்களை நடக்க வைக்கிறது.