கடல் தாண்டி வரும் பருந்துக்கு மலாக்காவின் சிறு காடு

தஞ்சோங் துவான் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பலரும் போர்ட்டிக்சன் என்றுதான் சொல்வார்கள். போகிற வழியும் அதுதான். ஆனால் நிலம் மலாக்காவுடையது. லிங்கி ஆற்றைக் கடந்து நெகிரி செம்பிலானுக்குள் போன பிறகு, அந்த மாநிலத்துக்குள் தனித்துண்டாக மறுபடியும் மலாக்கா வருகிறது! கேப் ரச்சாடோ என்பது இதற்குப் போர்த்துகீசியர் வைத்த பெயர்.

நூறு ஹெக்டேர்கூட இல்லாத காப்புக்காடு இது. "நாலு மரமும் குரங்கும்தானே, இதற்கு ஏன் இத்தனை பேச்சு?" என்று எங்கள் கலந்துரையாடலில் ஒரு நேயர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

பதில் மார்ச் மாதத்தில் கிடைக்கும். குளிர்காலத்தைச் சுமத்ராவிலும் ஜாவாவிலும் கழித்த தேன்பருந்துகள் அப்போதுதான் சைபீரியா, ஜப்பான் பக்கம் கூடு கட்டத் திரும்புகின்றன. பருந்து அதிகம் இறக்கை அடிக்காது. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, அப்படியே சறுக்கிப் போகும். கடல்மேல் அந்தக் காற்று சரியாக எழுவதில்லை. அங்கே இறக்கையை அடித்துத்தான் கடக்க வேண்டும். ஆகவே நீரிணை குறுகிய இடத்தைத் தேடுகிறது. சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவுக்கும் தஞ்சோங் துவானுக்கும் இடையே சுமார் 38 கிலோமீட்டர்தான்.

கரை சேரும்போது களைத்துப்போய்த் தாழ்வாக வரும். சில மரத்தில் உட்காரும், சில காட்டின்மேல் எழும் சூடான காற்றைப் பிடித்து மறுபடி ஏறும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பருந்து என்றால் கோழிக்குஞ்சு ஞாபகம்தான் வரும். இந்தப் பருந்து அதற்கு வருவதில்லை. குளவிக்கூட்டையும் தேன்கூட்டையும் பிய்த்து உள்ளிருக்கும் புழுக்களைத் தின்பதே அதன் முக்கிய உணவு. கொட்டினாலும் தாங்கும்படி முகத்தில் செதில்போல் நெருங்கிய இறகுகள் உண்டு.

காட்டுக்கு வெளியே கடற்கரை நெடுகிலும் ஹோட்டல்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. இங்கும் மரங்கள் போய்விட்டால் பருந்து வேறு வழி போய்விடும் என்று நினைக்க வேண்டாம். நீரிணையின் அகலம் மாறப்போவதில்லை, அது இங்கேதான் வரும். இறங்கத்தான் கிளை இருக்காது.

மலேசிய இயற்கைச் சங்கம் 2000-ஆம் ஆண்டில் இங்கே பருந்து பார்க்கும் விழாவைத் தொடங்கியது. விழா இல்லாத நாளிலும் போகலாம். மார்ச் மாதத்தில் காலை 11 மணிக்குமேல், 1863-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தின் பக்கம் நின்று கடலைப் பாருங்கள். தொலைநோக்கி இருந்தால் நல்லது. வழியில் லோத்தோங் குரங்குகள் தெரியலாம். குட்டி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சாதாரணக் குரங்குகள் உங்கள் பையைத்தான் பார்க்கும், ரொட்டியை வெளியே எடுக்காதீர்கள்.