பிறந்த மண்ணுக்குப் பாடம் சொல்ல வருகிறவர்கள்



ஒரு தாயை உங்கள் மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். உகண்டாவிலோ கானாவிலோ ஒரு சிற்றூர். சந்தையில் காய்கறி விற்று மகனைப் படிக்க வைத்தாள். அவன் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா சென்றான். கலாநிதிப் பட்டம் பெற்று அங்கேயே பேராசிரியராகியும் விட்டான். மாதாமாதம் பணம் வருகிறது. தாய்க்குப் பெருமைதான். ஆனால் அவன் முதலில் படித்த பல்கலைக்கழகத்தில் அவனுடைய பாடத்தைக் கற்பிக்க ஆளில்லை. அதே பாடத்தைப் படிக்க விரும்பும் அடுத்த வீட்டுப் பிள்ளை யாரிடம் போவது?

இந்தத் தாய் கற்பனைதான். நிலைமை கற்பனையல்ல. உகண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகம் 1922 இல் சிறியதொரு தொழிற்கல்விக் கூடமாகத் தொடங்கி, கிழக்காபிரிக்கா முழுவதற்கும் அறிவூட்டும் நிலையமாக வளர்ந்தது. 1971 இல் இடி அமீன் ஆட்சியைக் கைப்பற்றியதும் அதன் ஆசிரியர்களில் பலர் உயிருக்கு அஞ்சி வெளியேறினர். நைஜீரியாவில் வேறு காரணம். 1980களில் நாணயத்தின் பெறுமதி வீழ்ந்தது. விரிவுரையாளரின் சம்பளம் குடும்பச் செலவுக்கே போதாமற் போயிற்று. கற்றவர்கள் கடல் கடந்தனர்.

அவர்களை 'நிரந்தரமாகத் திரும்பி வாருங்கள்' என்று அழைப்பது இலேசான காரியமா? அங்கே தொழில், வீடு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். ஆனால் கொஞ்ச காலம் வந்து கற்பித்துவிட்டுப் போகலாம் அல்லவா? அப்படியானால் செலவை யார் ஏற்பது?

இந்தக் கேள்விக்கு ஒரு விடையாக 2013 இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. பணம் தந்தது நியூயோர்க்கிலுள்ள கார்னகி நிதியம். ஸ்கொட்லாந்தில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்து, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, சிறு வயதிலேயே பஞ்சாலையில் கூலிவேலை செய்து, பின்னர் உருக்குத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய அன்ட்ரூ கார்னகி 1911 இல் நிறுவிய நிதியம் அது. கானா, கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா, உகண்டா ஆகிய ஆறு நாடுகளின் பல்கலைக்கழகங்களுடன் திட்டம் ஆரம்பமாயிற்று. ஆபிரிக்காவில் பிறந்து அமெரிக்காவிலோ கனடாவிலோ கற்பிப்பவர்களுக்கே இடம். தங்கும் காலம் 14 நாள் முதல் 90 நாள் வரை. விமானச் செலவு, நாட்படி, விசாக் கட்டணம், சுகாதாரக் காப்புறுதி எல்லாம் நிதியிலிருந்து கிடைக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. என்ன தேவை என்று கேட்பது ஆபிரிக்கப் பல்கலைக்கழகமே. பாடவிதானம் வகுக்க ஆள் வேண்டுமா, கூட்டாக ஆய்வு செய்ய வேண்டுமா, பட்டப்பின்படிப்பு மாணவருக்கு வழிகாட்ட வேண்டுமா என்று அது சொல்ல வேண்டும். வருகிறவர் தமக்குத் தெரிந்ததைக் கொட்டிவிட்டுப் போகும் ஏற்பாடல்ல.

இத்திட்டத்துக்கு அடிப்படையான ஆய்வைச் செய்தவர் மலாவி நாட்டு வழிவந்த வரலாற்றறிஞர் போல் செலேசா. பல ஆண்டுகள் வட அமெரிக்காவில் பணியாற்றிய அவர், 2016 இல் நைரோபியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் உபவேந்தராகத் தாமே ஆபிரிக்காவுக்குத் திரும்பினார்.

ஆசிரியரைக் கடல் கடந்து அனுப்பும் எண்ணம் புதியதல்ல. நம் நாட்டிலும் அறியப்பட்ட புல்பிரைட் திட்டம் 1946 இல் அமெரிக்காவில் சட்டமாயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் வெளிநாடுகளில் மிஞ்சிக் கிடந்த யுத்தத் தளபாடங்களை விற்ற பணமே அதன் முதல் மூலதனம். அழிவுக்கென்று செய்த பொருள் ஆசிரியர்களின் வழிச்செலவாயிற்று! 1952 இல் இலங்கையும் அதில் இணைந்தது. ஆனால் அத்திட்டத்தில் ஒரு தவணையோ ஒரு கல்வியாண்டோ தங்குவதுதான் பெருவழக்கம். கைக்குழந்தையுள்ள ஒரு பெண் பேராசிரியரால் ஓராண்டு வீட்டைவிட்டுப் போக முடியுமா? மூன்று வாரமென்றால் உம்மாவிடமோ கணவரிடமோ பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போய் வரலாம். குறுகிய காலத்தின் அருமை இங்கேதான் தெரிகிறது.

குறையும் உண்டு. 90 நாளில் ஒரு மாணவனின் ஆய்வு முடிந்துவிடாது. பிறர் தரும் நிதி என்றைக்கும் நிலைக்கும் என்றும் சொல்ல முடியாது. அதை நம்பி அரசாங்கங்கள் தம் சொந்த ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்காமல் இருந்தால், இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதையாகிவிடும். வந்தவர் போனபின்பும் பாடம் தொடர, உள்ளூரில் ஒருவரைப் பழக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். கொடுத்த பணத்துக்குப் பலன் அதுதான்.

சகோதரிகளே! உங்கள் குடும்பத்திலும் வெளிநாட்டில் கற்பிக்கும் மகனோ மகளோ இருக்கலாம். விடுமுறைக்கு வரும்போது சொக்லட்டும் சேலையும் கொண்டு வருவார்கள். சந்தோஷம். "நீ படித்த இடத்துப் பிள்ளைகளுக்கு நாலு நாள் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனால் என்ன மகன்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அதற்கு எந்த நிதியமும் தேவையில்லை. தாய் கேட்டால் பிள்ளை மறுக்குமா?