கரை ஒதுங்கும் கிளைக் கடற்பஞ்சு: இனம் காண்பது எப்படி?

புயலும் பலத்த காற்றும் ஓய்ந்தபின் கடலோரத்தில் பாசி குவியல் குவியலாக ஒதுங்குகிறது. உப்பு நீங்கும்படி மழையில் நனையவிட்டு, மக்கவைத்துத் தென்னைக்கு இட்டால் சிறு விவசாயிக்கு அது செலவில்லாத உரம். ஆனால் மன்னார் வளைகுடாக் கரையில் ஒதுங்கும் குவியலில் பாசி மட்டும் இருப்பதில்லை. கிளைவிட்ட கடற்பஞ்சு, பவளம், கடல் விசிறி ஆகியனவும் கலந்து கிடக்கும். கடற்பஞ்சை வெறுங்கையால் அள்ளினால் அரிப்பு வரலாம். பவளத்தை எடுத்துச் சென்றால் வழக்கே வரலாம். எனவே இவற்றைப் பிரித்தறிவது அவசியம்.

கடற்பஞ்சு என்பது என்ன?

இது செடி அன்று, விலங்கினம். உடலெங்கும் உள்ள நுண்துளைகள் வழியே நீரை உறிஞ்சி, அதிலுள்ள உணவை வடிகட்டி, பெரிய துளைகள் வழியே நீரை வெளியேற்றுகிறது. உலகில் 9,000க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பகுதிகளில் மட்டும் சுமார் 275 வகைகள் பதிவாகியுள்ளன.

கரையில் செய்யும் சோதனை

1. கையுறை அணிந்து அழுத்திப் பார்க்கவும். கடற்பஞ்சு அமுங்கி மீளும். பவளம் கல் போல் இருக்கும். கடல் விசிறியின் நடுவே கம்பி போன்ற கெட்டியான தண்டு இருக்கும். பாசி இலை போலவோ நார் போலவோ வழவழப்பாக இருக்கும்.

2. துளைகளைப் பார்க்கவும். கிளைகளில் தெளிவான வட்டத் துளைகள் இருந்தால் பெரும்பாலும் கடற்பஞ்சே.

3. சில துளி வினிகர் விடவும். நுரைத்தால் அது சுண்ணாம்பு, பவளமாக இருக்கலாம். கிளிஞ்சல் துணுக்கு ஒட்டியிருந்தாலும் நுரைக்கும் என்பதால், அதை அகற்றிவிட்டுச் சோதிக்க வேண்டும்.

எந்த இனம் என்று அறிவது

கடற்பஞ்சு என்று தெரிவது எளிது. எந்த இனம் என்று சொல்வது கடினம். ஒரே இனம் நீரோட்டத்துக்கு ஏற்ப உருவம் மாறும். கரையில் காய்ந்தால் நிறமும் போய்விடும்.

வட அட்லாண்டிக் கடலில் வாழும் ஹாலிகுளோனா ஆக்குலேட்டா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கிலேயர் இதைக் கடற்கன்னியின் கையுறை என்பர். குறுகிய காம்பிலிருந்து கிளைகள் விரல்கள் போல எழும்பும். 30 சென்டிமீட்டர் வரை வளரும். தட்டையான கிளைகளின் ஓரத்தில் சிறு வட்டத் துளைகள் கண்கள் போல வரிசையாக அமைந்திருக்கும். அதே கடலில் வாழும் ராஸ்பெய்லியா ரமோசாவும் கிளை விடுவதே. ஆனால் அதன் மேற்பரப்பில் நீண்ட ஊசிகள் துருத்தி நிற்பதால் ரோமம் முளைத்ததுபோல் தோன்றும்.

உறுதியான முடிவுக்கு உள்ளே இருக்கும் ஊசிகளைப் பார்க்க வேண்டும். சிறு துண்டைச் சலவைக்குப் பயன்படும் வெளுப்புத் திரவத்தில் இட்டால் சதையும் நாரும் கரைந்து, கண்ணாடி போன்ற சிலிக்கா ஊசிகள் அடியில் தங்கும். அவற்றை நுண்ணோக்கியில் ஆராய்வர். ஆக்குலேட்டாவில் இரு முனையும் கூர்மையான ஒரே வகை ஊசிதான் உண்டு. இவ்வாறு ஊசியின் வடிவம், அவை அடுக்கப்பட்ட முறை, வெளித்தோற்றம் மூன்றையும் சேர்த்தே இனம் முடிவு செய்யப்படுகிறது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

• பாசி அள்ளும்போது தடித்த கையுறை அணியவும். ஊசி தைத்தால் தேய்க்கக் கூடாது. ஒட்டும் பிளாஸ்திரியை அந்த இடத்தில் ஒட்டி உரித்தால் ஊசிகள் அதனுடன் வந்துவிடும். வீக்கம் இருந்தால் மருத்துவரை அணுகவும்.

• கடற்பஞ்சை உரக்குழியில் போட வேண்டாம். சதை அழுகினாலும் ஊசிகள் மக்காமல் நின்று, உரம் அள்ளுவோர் கையில் தைக்கும்.

• பவளமும் கடல் விசிறியும் 2001ஆம் ஆண்டு முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளன. இறந்து ஒதுங்கியவற்றையும் எடுக்காமல் கரையிலேயே விட்டுவிடுவது நல்லது.

• 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட தீவுப் பகுதியிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது.

• புதுமையான வகை ஒதுங்கினால் ஈரம் காயுமுன் புகைப்படம் எடுத்து, இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு, மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் விசாரிக்கலாம்.

பிரித்து அள்ளினால் கைக்கும் பாதுகாப்பு; தென்னைக்கும் நல்ல உரம்.