ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு... பாடம் புரியுதா? பள்ளிகள் தங்களையே சோதிக்க உதவும் 'செல்ஃபி'!

பள்ளிக்கு கம்ப்யூட்டர் வந்தாச்சு, புரொஜெக்டரும் மாட்டியாச்சு. ஆனா, மாணவர்கள் கூடுதலாக என்ன கற்றுக்கொண்டார்கள்?

தென் அமெரிக்க நாடான பெரு, மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்தது. அங்கே 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2012-ல் வெளியானது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் தெரியவில்லை!

அப்போ, பள்ளிகள் என்ன செய்யலாம்? ஐரோப்பிய ஆணையம் 2018-ல் அறிமுகப்படுத்திய இலவச ஆன்லைன் கருவி 'செல்ஃபி' ஒரு வழி சொல்கிறது.

எப்படி வேலை செய்கிறது?

பள்ளி நிர்வாகம், ஆசிரியர்கள், மாணவர்கள் என மூன்று தரப்பும் கேள்விகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். பெயர் சொல்லத் தேவையில்லை. இன்டர்நெட் வசதி, ஆசிரியர் பயிற்சி, வகுப்பறைப் பயன்பாடு எனப் பலவற்றையும் கேட்பார்கள்.

பிறகு, மூன்று தரப்பின் பதில்களையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை வரும். உதாரணமாக, வகுப்பறைப் பயன்பாட்டுக்கு ஆசிரியர்கள் 4 போட்டு, மாணவர்கள் 2 போட்டால்? பேச வேண்டிய இடம் அதுதான்.

ரேங்க் உண்டா?

கிடையாது. அறிக்கை அந்தப் பள்ளிக்கு மட்டும்தான். அதனால், குறையை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. இது கருத்துக் கணிப்புதான். மாணவர்கள் எவ்வளவு கற்றார்கள் என்பதை அளக்காது. அறிக்கையில் தெரியும் ஒன்றிரண்டு குறைகளைச் சரிசெய்து, அடுத்த ஆண்டு மீண்டும் இதே கேள்விகளுக்குப் பதில் வாங்கிப் பார்த்தால்தான் பலன். அறிக்கையை ஃபைலில் வைத்தால், அதுவும் தூசி படிந்த இன்னொரு லேப்டாப்தான்!