யாரும் காணாத நிறத்துக்கு எவ்வளவு உப்பு?

மூங்கில் நாரினால் செய்த ஜட்டி ஒன்று நானூறு ரூபாய்க்கு விற்கிறதே, பூமிக்கு உபகாரமாக அதை வாங்கலாமா, அல்லது சிங்கப்பெருமாள் கோயில் கடைத்தெருவில் தொங்கும் நூறு ரூபாய்ச் சரக்கே போதுமா என்று நம்மூர் வாசகர் ஒருவர், 'பெயரைப் போட வேண்டாம்' என்ற பின்குறிப்போடு கேட்டிருக்கிறார்.

மூங்கிலை முதலில் தள்ளிவிடுவோம். மூங்கிற்கூழைக் காஸ்டிக் சோடாவும் கார்பன் டைசல்பைடும் கொண்டு கரைத்து, அமிலத்தில் பீய்ச்சி இழுத்த அந்த நூல் பெரும்பாலும் விஸ்கோஸ் ரேயானே அன்றி வேறல்ல. அதை 'மூங்கில்' என்று விற்றதற்காக 2009இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் சில கம்பெனிகள்மீது நடவடிக்கையே எடுத்தது.

பருத்தி ஜட்டியை எடுத்துக்கொண்டால், எனக்கு விசித்திரமாகத் தோன்றுவது அதன் சாயத்தொட்டி. நனைந்த பருத்தி மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் கொள்கிறது. சாயமும், தண்ணீரில் கரைவதற்காகவே சல்பானிக் தொகுதிகளைச் சூடியிருப்பதால், எதிர்மின்னேற்றம் உடையது. ஆகவே பெண்வீடும் பிள்ளைவீடும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற கல்யாண மண்டபம்போல் இருக்கிறது தொட்டி. அங்கே உப்பைக் கொட்டினால், சோடியம் அயனிகள் சமாதானம் பேசும் சித்தப்பாக்களாக நடுவே புகுந்து மனஸ்தாபத்தை மறைக்க, சாயம் நாரை நெருங்குகிறது, பிறகு சலவைச் சோடாவைச் சேர்த்ததும் நாரின் செல்லுலோஸ் சாயத்தைச் சகப்பிணைப்பினால் பற்றிக்கொள்கிறது, தாலி ஏறியாயிற்று. ஆனால் சாய மூலக்கூறுகளில் ஒரு பங்கு, நாரை விட்டுத் தண்ணீரையே மணந்துகொண்டு, கல்யாணம் முடிந்தும் மண்டபத்தைக் காலி செய்யாத விருந்தாளிகளைப் போல் துணியில் ஒட்டிக்கிடக்கும். அவற்றைச் சோப்பும் வெந்நீரும் விட்டு விரட்ட வேண்டும். விரட்டுவதில் சோம்பியவன் விற்ற கருநீல ஜட்டி ஒன்று என் வெள்ளை வேட்டிக்குச் செய்ததை இங்கே விவரிக்கப்போவதில்லை.

இந்தச் சித்தப்பாக்களின் எண்ணிக்கைதான் விபரீதம். மாமல்லபுரத்துக் கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அடர்நிறத் தொட்டியிலோ 60, 80 கிராம்கூடப் போகும். கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று கணக்கிட்டால், ஏறக்குறைய அரைக் கிலோ! அதாவது 60 கிராம் எடையுள்ள ஒரு ஜட்டிக்கு 30 கிராம் உப்பு. அதில் ஒரு துளியும் துணியில் தங்குவதில்லை.

சரித்திரம் வேண்டுவோருக்கு: நாரோடு இப்படிப் பிணைந்துகொள்ளும் சாயத்தை 1956இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பலனைத் திருப்பூரின் நொய்யல் ஆறு அனுபவித்தது. நிறத்தை நீக்கலாம், அங்ககக் கழிவைப் பாக்டீரியாவுக்கு இரையாக்கலாம். உப்பைத் தின்னும் ஜீவன் ஏது? பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாகி, வயல்கள் உவர்ந்து, வழக்கு வளர்ந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது. இன்று சவ்வு வழியே நீரைப் பிழிந்து, எஞ்சியதைக் காய்ச்சி உப்பை மீட்கிறார்கள். அதற்கான மின்சாரமும் விறகும் இனாமாக வருவதில்லை.

ஆகவே மலிவும் பசுமையும் ஒரே இடத்தில் கூடுவது, கூட்டுவதில் அல்ல, விடுவதில்: சாயமே போடாத பருத்தி. நார் வியர்வையை உறிஞ்ச, அதன் இயற்கை மெழுகு நீங்க ஒரு காரக்கொதி அவசியம், அத்தோடு நிறுத்தலாம். பளீரென்ற வெண்மையும் வேண்டாம். இடுப்பு எலாஸ்டிக் மட்டும் பெரும்பாலும் பெட்ரோலியத்தின் பிள்ளையாகவே இருக்கும். நாடா கட்டிக்கொள்ள யாரையும் நான் வற்புறுத்தவில்லை.

ரயில் நிலையத்துப் பக்கத்துக் கடையில் கேட்டேன். அடித்தட்டிலிருந்து ஒரு கட்டை உருவி, தூசி தட்டிப் போட்டார் கடைக்காரர். பழுப்பேறிய பால் நிறம். அங்கங்கே பருத்திக்கொட்டைத் தோலின் கரும்புள்ளிகள்.

"அழுக்கு மாதிரி தெரியுதுன்னு யாரும் எடுக்கிறதில்ல சார். உங்களுக்குப் பத்து ரூபா குறைச்சே தரேன்."